வாய் படாமல் அப்பிள் வைன்

1. என்னுடைய ஆட்கள்

சுற்றுலா பஸ்ஸில் கைட்டாகச் சேர்ந்து, தகுதிகாண் காலம் முடியப்போகிற வாரத்தில் முதலாளி த்ரொன் என்னைக் கூப்பிட்டார். அவர் பேசியது நொர்ஸ்க், அதாவது நோர்வே மொழி. ஆனால் எந்த மொழியும் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

“சனிக்கிழமை தெலமார்க் பழத்தோட்டங்களுக்கு ஒரு குறூப் போகுது. வைன் ருசி பாக்க. எல்லாரும் உம்மடை ஆக்கள். நீர்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்.”

“என்ரை ஆக்களோ? ஆர்?”

“தமிழ்நாடு. ஒஸ்லோவிலை கொம்பியூட்டர் வேலை. உமக்குப் பாஷை தெரியும்தானே?”

த்ரொனைப் பொறுத்தவரை சென்னையும் யாழ்ப்பாணமும் அடுத்தடுத்த பஸ் தரிப்பிடங்கள்.

அது அவர் புதிதாகத் தொடங்கிய ரூட். காலையில் ஒஸ்லோவில் ஏற்றி, அப்பிள் வைன் செய்கிற பண்ணைகளைக் காட்டி, மாலையில் கொண்டுவந்து இறக்குவது. அவுஸ்திரேலியாவில் திராட்சைத் தோட்டங்களுக்கு இப்படித்தான் பஸ் பஸ்ஸாகப் போகிறார்களாம். அங்கே விடுமுறைக்குப் போய் வந்ததிலிருந்து அவருக்கு இந்தப் பைத்தியம். இங்கேயோ திராட்சைக்கு வெயில் போதாது. பண்ணையில் குடித்துப் பார்க்கலாம், அந்தக் காலத்தில் ஒரு போத்தல் வாங்கச் சட்டம் விடாது. வாங்குவதற்கு அரச மதுக்கடைக்குப் போகவேண்டும், சனிக்கிழமைகளில் நாங்கள் திரும்பி வருவதற்குள் அது பூட்டிவிடும். இத்தனை சிறப்புகளும் கொண்ட சுற்றுலாவுக்கு, மதுவை வாயில் வைத்தே அறியாத என்னைக் கைட்டாகப் போட்டார்.

“பண்ணைக்கார இங்கெர் இன்னும் சம்மதிக்கேல்லை. இந்தக் குறூப்பைப் பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவாவாம். அவ ஓம் எண்டால் உம்மை நிரந்தரமாக்கிறன். இல்லையெண்டால் ரூட்டும் இல்லை, உமக்கு வேலையும் இல்லை.”

வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டி வெட்டி முதுகைக் கெடுத்துக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்தவள் நான். திரும்பிப் போய் அந்தக் கத்தியைப் பிடிக்க என்னால் முடியாது.

2. இங்கெரின் கிண்ணம்

நல்ல பிள்ளைகள். பஸ்ஸில் ஏறியதும், “எல்லாரும் பெல்ற்றைப் போடுங்கோ. இறங்கேக்கை உங்கடை சாமான்களை விட்டிட்டுப் போகாதேங்கோ” என்றேன். மரியாதையாகத் தலையாட்டினார்கள். அவர்களுடைய ரீம் லீட் செந்தில் எழுந்து அருகே வந்தார்.

“மேடம், நீங்க பேசுறது அவ்வளவு இனிமையா இருக்கு. அப்படியே இங்கிலீஷ்லயும் ஒரு தடவை சொல்லிடுங்களேன்.”

பண்ணையில் த்ரொன் தன் காரில் முன்பே வந்து நின்றார். இங்கெர் உயரமான, சிரிக்காத பெண்மணி. நான் வைன் கிளாஸ்களை எதிர்பார்த்தேன். அவரோ பூ வரைந்த பழைய மரக்கிண்ணம் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். அகலத்தில் ஒரு சின்னத் தாம்பாளம் இருக்கும். நிறைய அப்பிள் வைன்.

“இது எங்கடை பரம்பரைக் கிண்ணம். ஆர் வந்தாலும் முதல் இதிலைதான். ஒரு வாய் குடிச்சிட்டுப் பக்கத்திலை நிக்கிற ஆளிட்டைக் குடுக்கவேணும். குடிக்காமல் குடுத்தால் வீட்டை அவமதிக்கிற மாதிரி.”

சொல்லிவிட்டுத் தான் ஒரு வாய் குடித்து, செந்திலிடம் நீட்டினார். நான் மொழிபெயர்த்தேன்.

“மேடம், அவங்க வாய் வெச்சுட்டாங்களே!” என்றார் செந்தில்.

“எல்லாரும் ஒரே கிண்ணத்துலயா? எச்சில், மேடம்!” என்றாள் பின்னால் நின்ற கவிதா.

அன்றைக்கு முதல் தடவையாக எங்களுக்குள் பாஷைப் பிரச்சினை வரவில்லை. வரிசையில் நின்றிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

செந்தில் ஒரு கணம் யோசித்தார். பிறகு கிண்ணத்தை முகத்துக்கு மேலே தூக்கி, அண்ணாந்து, வாயைத் திறந்து ஊற்றினார். தண்ணீர்ச் செம்பில் பழகிய கைதான், ஆனால் தாம்பாளத்திலிருந்து குறி பார்த்து ஊற்ற யாரால் முடியும்? கொஞ்சம் வாய்க்குள் போனது, மிச்சம் சட்டைக்குப் போனது. அடுத்தவரும் அப்படியே செய்தார். அதற்கடுத்தவரும் அப்படியே. கிண்ணம் கடைசி ஆளிடம் போனபோது, இந்தியத் தகவல் தொழில்நுட்பமே அப்பிள் மணத்தது.

இங்கெர் என் பக்கம் திரும்பினார். “ஏன் இப்பிடி? என்ரை கிண்ணம் ஊத்தையோ?”

த்ரொனின் முகம் வெளிறியது. நான் சொல் தேடினேன். நொர்ஸ்கில் எச்சிலுக்குச் சொல் இல்லை, துப்பலுக்குத்தான் இருக்கிறது. ‘உங்கடை துப்பலை இவை குடிக்கமாட்டினம்’ என்று சொன்னால் திங்கட்கிழமை நான் பாட்ஸ்பியோர்டில்தான் நிற்பேன்.

“எங்கடை ஆக்கள் பொதுப் பாத்திரத்திலை வாய் வைக்கிறேல்லை. அடுத்துக் குடிக்கிற ஆளுக்குக் குடுக்கிற மரியாதை அது” என்றேன்.

பொய்யில்லை. அடுத்த ஆளைப் பற்றிய பாதியைச் சொன்னேன். முந்தின ஆளைப் பற்றிய பாதியை விட்டுவிட்டேன்.

இங்கெர் கிண்ணத்தை வாங்கி நிரப்பினார். அண்ணாந்தார். ஊற்றினார். கழுத்து, கம்பளிச் சட்டை எல்லாம் நனைந்து, இருமி முடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் ஒருத்தற்றை துப்பலை ஒருத்தரெல்லோ குடிச்சிருக்கிறம்!”

நான் விட்ட பாதியை அவரே கண்டுபிடித்துவிட்டார். த்ரொனிடம் கையை நீட்டி, சீசன் முழுக்க வாருங்கள் என்றார்.

3. நிரந்தரம்

வேலை நிரந்தரமானது. கூடவே புதிய விளம்பரத் துண்டும் வந்தது: ‘அப்பிள் வைன், பழந்தமிழ் முறைப்படி, வாய் படாமல்.’

“செய்து காட்டுறது ஆர்?” என்று கேட்டேன்.

“நீர்தான்.”

“நான் குடிக்கிறேல்லை.”

“நீர் அப்பிள் யூஸை ஊத்தும். வாற சனம் வைனை ஊத்தட்டும்.”

ஊற்றினார்கள். தங்கள் வாயில் பாதி, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிற என் மேல் மீதி. நொர்வேஜியர்கள் பழந்தமிழ் முறையில் காட்டிய ஈடுபாட்டை என் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் காட்டியதில்லை. சனிக்கிழமை மாலைகளில் வைன் தோய்ந்த ஜாக்கெட்டோடு, வீட்டுக்குப் போக ஹொல்ம்லியா ரயிலில் ஏறுவேன். பக்கத்தில் இருக்கிற தமிழ்ச் சனம் மெல்ல எழுந்து அடுத்த பெட்டிக்குப் போகும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு பவானி அக்கா கேட்டார்: “பிள்ளை, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?”

“இல்லையக்கா. வேலையிலை மேலை ஊத்துப்பட்டது.”

“ஓம், ஓம். எல்லாரும் முதல்லை அப்பிடித்தான் சொல்லுறவை.”

கைட் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சொல்லை மொழிபெயர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழக்கத்தை விளக்கப் போனால், அதைச் செய்துகாட்டுகிற உத்தியோகமும் உங்கள் தலையில்தான் விழும்.

பல வருடங்கள் கழித்து நான் ஓய்வுபெற்றதும் வைன் மணம் நின்றது. சில மாதம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்தில் பவானி அக்கா என்னை ஓரமாக இழுத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“விட்டிட்டீர், என்ன? எத்தினை ஆம்பிளையளாலை முடியாத காரியம், பிள்ளை.”

“ஓமக்கா,” என்றேன். “சரியான கஷ்டப்பட்டுத்தான் விட்டனான்.”