பராமரிப்பாளர் என்ற கட்டம்

கீழ்வீட்டு அக்காவுக்கு வந்த கார் நிறுத்த அபராதத்தைக் குறைக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருந்தபோது, என் வலக்கையிலிருந்து பேனா விழுந்தது. எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. மனுவை இடக்கையால் முடித்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவது) வந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரத்தை நான் ஓர் அபராத மனுவுக்குக் கொடுத்தேன். நீங்கள் கொடுக்காதீர்கள்.

அவசரப் பிரிவில் 'நெருங்கிய உறவினர்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதச் சொன்னேன். வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். உறவினர் இல்லையென்றால் மருத்துவமனையின் சமூகநல அதிகாரி வந்து முதியோர் இல்லம் பார்ப்பார், பிள்ளைகளைத் தேடமாட்டார் என்று நினைத்தேன். வந்த அதிகாரி என்னைவிடக் கெட்டிக்காரர். நான்காம் நாள் என் மகன் குமரன் கட்டிலருகே நின்றான்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். இருவரையும் அடித்த குற்றத்துக்காக நான் சிறைக்குப் போனவன். குமரனுக்கு அப்போது ஒன்பது வயது. மாப் கட்டையால் அடித்ததில் அவன் இடது முழங்கை முறிந்தது. அவன் அக்காவுக்கு முதுகில் தையல். படிக்கட்டில் விழுந்தார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னேன். அந்த வாக்குமூலத்தை நானே எழுதினேன், பிழையில்லாமல். நீதிபதி நம்பவில்லை. தண்டனை முடிந்து வந்த பிறகும் நான் அதைத் திருத்தவில்லை. மகள் என்னோடு பேசுவதில்லை. அது அவள் உரிமை.

இல்லத்துக்கே போவது என்று வீரமாக முடிவு செய்திருந்தவன், குமரனைப் பார்த்ததும் அவன் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டேன். அதற்கு ஒரு நடைமுறை உண்டு. நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற, வீட்டில் ஒருவர் பழக வேண்டும். பழகியவர் 'பராமரிப்பாளர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

இயன்முறை மருத்துவர் (உடற்பயிற்சியால் தசைகளை மீட்பவர்) தேவி என்ற இளம்பெண்.

"அண்ணே, ரெண்டு கையையும் அப்பா அக்குளுக்குக் கீழ விட்டு நேரா நீட்டுங்க."

"இவ்ளோதான் நீளும்."

"இன்னும் கொஞ்சம் லா. பயப்படாதீங்க, அப்பா கடிக்க மாட்டாரு."

"பயம் இல்லம்மா. கையே அவ்ளோதான்."

அவள் அவன் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். "பழைய முறிவு. மோட்டார் சைக்கிள்ல விழுந்தீங்களா?"

குமரன் என்னைப் பார்க்கவில்லை. "சின்ன வயசுல," என்றான். "படிக்கட்டுல."

நான் எழுதிய வாக்குமூலம். இத்தனை ஆண்டுகள் கழித்து அதை ஏற்றுக்கொண்ட முதல் ஆள் அவன். ஏன் அப்படிச் சொன்னான் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால், படிவம் அன்றே முடிந்திருக்கும்.

"நா... உச்சேன்," என்றேன். பக்கவாதம் நாக்கையும் பிடித்திருந்தது.

"என்ன அங்கிள்? தண்ணி வேணுமா?"

மூச்சுக்கு ஒரு சொல் என்று பேச்சுப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "நான். உடச்சேன். அவன். விழல."

தேவியின் கை அவன் முழங்கையிலேயே நின்றது.

"கேட்டுச்சுப்பா," என்றான் குமரன். "உக்காருங்க."

மாற்றும் வேலையை அன்று மூன்று முறை செய்தான். வளைந்த கைக்கு ஏற்றபடி என் இடுப்பைப் பிடிக்க ஒரு வழியும் கண்டுபிடித்தான். தேவி படிவத்தை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"வீட்டுல என் மக இருக்கா. ஏழு வயசு. நீங்க அங்க வேணாம்ப்பா."

"சரி," என்றேன். அந்தச் சொல் குழறவில்லை.

இப்போது நிபோங் திபால் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். மாதக் கணக்கு எனக்கு மறந்துபோயிற்று. புதன்கிழமை இருக்கிறது, பிறகு மற்ற நாட்கள். குமரனுக்குப் புதன் விடுமுறை. வருகிறான், அதிகம் பேசுவதில்லை. தசை இறுக்கத்தால் (நரம்புக் கட்டளை தவறித் தசை தானாகச் சுருங்குவது) என் வலக்கை எப்போதும் முஷ்டியாகவே இருக்கிறது. என்னால் அதைத் திறக்க முடியாது. அவன்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பத்து முறை நீட்டிவிடுகிறான். எவ்வளவு நீட்டலாம் என்பது அவன் கையில் இருக்கிறது. வலித்தால் சொல்லச் சொல்லியிருக்கிறான்.

சொன்னால் நிறுத்துகிறான்.