கோலா பிலாவிலிருந்து யாரோ

எனக்கு யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் கிடையாது. இனாமாகக் கிடைப்பதை அறவே நம்பமாட்டேன். அப்படிப்பட்ட நானே, இடித்துவிட்ட எங்கள் மலேசிய ரப்பர் தோட்டத்தின் பழைய படங்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கியபோது, இனாமாகக் கிடைத்த ஒரு பார்வையாளர் கணக்குப் பெட்டியை ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டிவைத்தேன். தோட்டத்து ஆட்கள் சந்தித்தால் பெயரைக் கேட்கும் முன் எந்தத் தோட்டம் என்றுதான் கேட்போம். அந்தப் பெட்டியும் வருகிறவர்களின் ஊரை எல்லார் கண்ணிலும் படும்படி காட்டியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள், தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களுக்குப் பக்கத்து லயத்தில் இருந்த அத்தையின் மகன் போர்டிக்சனில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். தங்கை தனக்குப் பிடித்தவனோடு போனபோது, கண்ணில் பட்டால் வெட்டுவேன் என்று ஊரறியக் கத்தியவன். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"அக்கா, எங்க அம்மா படத்த கோலா பிலாவுல இருந்து யாரோ அடிக்கடி பாக்குறாங்க. ஒரே ஆளுதான்னு காட்டுது. யாருன்னு பாத்துச் சொல்லுங்க லா. சும்மாதான் கேக்குறேன்."

சும்மா கேட்கிறவன் வேலை நாளில் புக்கிட் பெலண்டோக்கிலிருந்து மோட்டாரில் வருவானா? தெரியாது தம்பி என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, கணினி முன் உட்கார்ந்தேன்.

வருகிறவர்களின் போனில் குக்கீ என்று ஓர் அடையாளத்தை அந்தப் பெட்டி வைத்துவிடுகிறதாம். அதே ஆள் திரும்ப வந்தால் அதைக்கொண்டு கண்டுபிடித்துவிடுமாம். என் வீட்டுக்கு வந்தவர்கள் பின்னால் நானே ஆள் வைத்த மாதிரி. எரிச்சலாக வந்தது. எல்லாப் பெட்டிகளையும் பிடுங்கி எறிந்தேன். 'இங்கே யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை' என்று முகப்பில் எழுதினேன். அதற்குப் பிறகும் தெருவில் மோட்டார் சத்தம் கேட்டால் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அத்தை என்னை ஓரமாக இழுத்தார். மகன் குளிக்கும் நேரத்தில் பேத்தியை விட்டு அவன் போனில் தன் படம் உள்ள பக்கத்தைத் திறக்கச் சொல்வாராம்.

"கோலா பிலா இன்னும் வருதாம்மா?"

"இனிமே எனக்கே தெரியாது அத்தை. எடுத்துட்டேன். உங்க மகன் வந்து விசாரிச்சான்."

அத்தை என் தோளைத் தட்டினார்.

"நல்ல வேல செஞ்ச. அந்த ஊரு பேரப் பாத்துத்தான், அவ நல்லாருக்கான்னு நான் சோறு தின்னுக்கிட்டிருந்தேன்."