குறைந்துகொண்டே வந்த பட்டாம்பூச்சிகள்

ஆவணி பிறந்தும் வெயில் விட்டபாடில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு வாய் காப்பியை உட்கார்ந்து குடிக்க விடுவாரா என் வீட்டுக்காரர்? வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் பெருநகரில் காலை பஸ்ஸைப் பிடித்து, காட்டு ரோட்டு முனையில் இறங்கி, பட்டாம்பூச்சி எண்ண வேண்டும். அவர் எண்ணுவார். நான் செல்போனில் குறித்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். என் முட்டிவலியை யார் கேட்டார்கள்?

அவர் கண்ணில் புரை முற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடும் என்று சித்திரையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷர் மசியவில்லை.

“பறக்கிற பூச்சிய எண்ணுற கண்ணு இது. இதுக்குப் போயி ஆப்பரேஷனா?”

சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டது.

வாரத்துக்கு வாரம் அவர் சொல்லும் கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது. “மருந்தடிச்சே எல்லாத்தையும் கொன்னுட்டானுங்க,” என்று பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் புலம்புவார். அன்றைக்குச் சோறு இறங்காது. அவர் காதோரமாகவே இரண்டு மூன்று பறந்து போகும். சொன்னால், “நான் பாக்காதத கணக்குல சேக்காதே,” என்று சீறுவார். எப்படியோ போங்கள் என்று நானும் வாயை மூடிக்கொள்வேன்.

அந்த ஆவணி ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் பெய்த மழையில் ரோட்டோரம் ஈரமாக இருந்தது. அந்த மண்ணில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கும்பலாக உட்கார்ந்து தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்தன. மஞ்சள்தூளைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நேராக அதன் நடுவில் காலை வைத்துவிட்டார். அத்தனையும் குப்பென்று எழும்பி அவர் முகத்திலும் சட்டையிலும் மோதின.

அவர் கையால் தட்டிவிட்டார். “இன்னாமே, இவ்ளோ இலை கொட்டுது? காத்தே இல்லியே?”

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

“இலை இல்லீங்க. அத்தினியும் பட்டாம்பூச்சி. வாரா வாரம் இப்டித்தான் பறந்துகினு கீது. ஒங்களுக்குத்தான் தெர்ல.”

அவர் கத்தப்போகிறார் என்று பயந்தேன்.

“அப்போ பூச்சிங்க சாவலியா?”

“சாவல. எல்லாம் கீது.”

“அப்பாடா,” என்றார். எத்தனையோ மாதம் கழித்து அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அப்புறம்தான், என் கை எங்கே இருக்கிறதென்று துழாவினார்.