எட்டாத கிளட்ச்

ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'மூணு கொட்டேஷன்'. சாமான் வாங்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தார். பஞ்சுருண்டை வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலை கேட்டு, மூன்று மாதிரி வரவழைத்து, மேசையில் பரப்பி வைத்து மோவாயைத் தடவிக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட மனுஷர் கல்யாணத்தை மட்டும் எப்படி ஒரே பார்வையில் முடித்தார் என்று யாராவது கேலி செய்தால், "மத்த ரெண்டு பேரும் கொட்டேஷன் அனுப்பல, அதான்" என்பாள் அவர் மனைவி.

அவரிடம் ஒரு நல்ல குணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு சமயம் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிகள் பன்னிரண்டு வந்து இறங்கின. பளபளவென்று இருந்தன. பெரிய டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டார். இவர் கையெழுத்துதான் பாக்கி. இவரோ வார்டிலிருந்து ஒரு ஆயாவைக் கூப்பிட்டு, "நீங்க தள்ளிப் பாருங்கம்மா" என்றார். கைப்பிடி அந்த அம்மாளின் நெஞ்சுக்கு நேரே நின்றது. "தள்ளப்போறது இவங்க, டாக்டரா தள்ளப்போறாரு?" என்று சொல்லிப் பன்னிரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டார். வேலைக்குப் புதிதாக வருகிற எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொல்வார்கள். அதிகமாகச் சொன்னது அவர்தான்.

ஆஸ்பத்திரி இருந்த ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் அவர்களுக்கு நாலு ஏக்கர் சரிவு நிலம். எலுமிச்சை மரங்கள், வரிசைக்கு நடுவே காய்கறி. அவர் சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடியலில் கிளம்பிவிடுவார். மீதி நாளெல்லாம் நிலமும் அங்கிருந்த வீடும் மனைவி பாடு. உழவுக்கு வாடகை டிராக்டர்காரனைக் கூப்பிட்டால், அவன் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, ஈரமெல்லாம் காய்ந்தபிறகு வந்து நிற்பான். சொந்தமாக ஒரு மினி டிராக்டர் வாங்கிவிடலாம் என்று முடிவானது அப்படித்தான்.

முடிவு ஒரு நாளில் ஆனது. வாங்க ஆறு மாசம் ஆனது. நீளமான தாளில் முப்பத்திரண்டு கட்டம் போட்டார். எத்தனை குதிரைசக்தி, பின்னால் எவ்வளவு எடை தூக்கும், எவ்வளவு இடத்தில் திரும்பும், சாமான் உடைந்தால் பக்கத்தில் கிடைக்குமா என்று ஒன்றுவிடாமல் எழுதினார். ஞாயிறுதோறும் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து, காலை நீட்டி, முட்டி இடிக்கிறதா என்று பார்த்தார். அவர் பனைமர உயரம். கூட மாட்டிக்கொள்ள, மண்ணைக் கிளறிவிடும் ஐந்தடி அகல ரோட்டவேட்டர், கலப்பை, புல் வெட்டும் மெஷின் எல்லாம் முடிவாயின. முன்னால் மாட்டி மண்ணை அள்ளும் பக்கெட்டும் வேண்டும் என்றார். அதற்குக் காரணம், போனில் பார்த்த ஒரு வீடியோ. வேறொன்றுமில்லை.

கடைசி ஞாயிறு மனைவியையும் அழைத்துப் போனார். சேல்ஸ்மேன் அவளுக்கு நாற்காலி போட்டு ஜூஸ் கொடுத்தான். எல்லாம் பேசி முடிந்ததும் அவள் எழுந்து வந்து, "நானும் ஒரு தடவ ஏறிப் பாக்கட்டுமா?" என்றாள்.

"இப்ப எதுக்கு? புது வண்டி. உன் செருப்பெல்லாம் சேறு" என்றார் அவர். பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். சாவி வாங்கும்போது எடுத்த போட்டோவில் இரண்டு பேருமே சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வண்டி வந்த முதல் மாசம் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வந்தவன் போனவனையெல்லாம் இழுத்துவந்து காட்டினார். அதற்கப்புறம் வண்டிக்குக் கிட்டே போகவில்லை, ஓட்டுவதெல்லாம் மனைவிதான். இரண்டாம் மாசத்தில் மனைவி இடுப்பு வலி என்றாள். "வயசாகுதுல்ல" என்று ஆஸ்பத்திரியிலிருந்து தைலம் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் ஒரு தலையணை காணாமல் போனது. கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு அதற்கும் முணுமுணுத்தார். ஏழாம் மாசம் வண்டி அசையமாட்டேன் என்று நின்றுவிட்டது.

மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தான். "பாதி கிளட்ச்லயே ஓடியிருக்குங்க. பிளேட் கரிஞ்சு போச்சு."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. ஆறு மாசம் பார்த்துப் பார்த்து வாங்கிய வண்டியாயிற்றே. மெக்கானிக்குக்கு முன்னாலேயே, "கிளட்ச முழுசா மிதிக்கணும்னுகூடத் தெரியாதா? ஏழு மாசமா என்னத்த ஓட்டுன?" என்று கத்தினார். அவள் மெக்கானிக்குக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டாள்.

மெக்கானிக் வேலையை முடித்துவிட்டு, கீழே கழற்றி வைத்திருந்த ஒரு மரக்கட்டையைக் கையில் எடுத்தான். உள்ளங்கை அகலம், இரண்டு விரல் கனம். சைக்கிள் டியூபைக் கிழித்த ரப்பர் அதைச் சுற்றித் தொங்கியது. "சார், இத மறுபடி கட்டணுமா?"

"என்னது இது?"

"கிளட்ச் மேல அக்கா கட்டி வச்சிருந்த கட்ட. கால் எட்டாதுல்ல."

"சீட்ட முன்னால தள்ளிக்கலாமே."

"தள்ளித்தான் இருக்கு சார். இதுதான் கடைசி."

அப்போதுதான் சீட்டைப் பார்த்தார். முதுகு சாயும் இடத்தில் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது, மாசக்கணக்கில் தேடிய தலையணை.

மெக்கானிக் போனபிறகு வண்டியில் ஏறினார். தலையணையில் சாய்ந்தால் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. அவள் உயரத்துக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க, சீட்டின் நுனிக்கு நகர்ந்து, ஒருக்களித்து, இடது கால் பெருவிரலால் மட்டும் கிளட்சை மிதித்து எலுமிச்சை வரிசைக்குள் ஓட்டினார். சரிவில் பாதி மிதியில் வண்டி உறுமியது. மூன்றாவது வரிசை திரும்புவதற்குள் இடுப்பில் ஒரு வலி பளிச்சென்று வெட்டியது. எங்கே வலிக்கிறது என்று அவள் கைவைத்துக் காட்டிய அதே இடம். வண்டியை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வண்டியைத் திருப்பி அனுப்பியவன் நான் என்று நினைத்தபோது அவருக்கே அவரைப் பிடிக்கவில்லை. யாரோ ஒரு ஆயாவுக்குக் கேட்கத் தெரிந்த வாய், கட்டியவளிடம் கேட்கவில்லை. முப்பத்திரண்டு கட்டம் போட்டவருக்கு, ஓட்டப்போவது யார் என்று ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் வந்து, "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வந்தார். வாயில் வந்தது இதுதான்.

அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஆறு மாசம் தாளும் பேனாவுமா உக்காந்து எடுத்தீங்க. ஊரையே கூப்பிட்டுக் காட்டுனீங்க. எனக்கு எட்டலன்னு எப்படிச் சொல்றது?"

வாரம் முழுக்க ஆபீசில் உட்கார்ந்து தன் தப்புகளை எண்ணினார். தைலம், தலையணை, மெக்கானிக்குக்கு முன்னால் போட்ட சத்தம். எண்ணி முடித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு வண்டியை மாற்ற இரண்டு பேருமாக ஷோரூமுக்குப் போனார்கள். சேல்ஸ்மேன் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "சொல்லுங்க சார்" என்று இவர் பக்கம் திரும்பினான்.

"என்னை ஏன் கேக்குறீங்க? ஓட்டுறது அவங்க. அவங்களக் கேளுங்க."

அவள் முதலில் தயங்கினாள். பிறகு மடை திறந்த மாதிரி வந்தது. வரிசைக்கு நடுவே ஐந்தடி ரோட்டவேட்டர் போனால் வேர் அறுபடுகிறது, நாலடி போதும். கேட்டுக்குப் பக்கத்து வளைவில் பக்கெட் இடிக்கிறது. "அத வாங்குனதுலேருந்து ஒரு கூடை மண்ணுகூட அள்ளல. அதுக்குள்ள கோழிதான் முட்ட போடுது." சேல்ஸ்மேன் சிரித்துவிட்டு, மூலையில் நின்ற சின்ன வண்டியைக் காட்டினான். சக்தி போதாது என்று அவரே தன் தாளில் சிவப்பு மையால் அடித்துவிட்ட வண்டி அது.

"ஏறிப் பாருங்கக்கா."

அவள் கிட்டே போனாள். குனிந்து செருப்பைக் கழற்றி, சக்கரத்தின் ஓரமாக ஒதுக்கி வைத்தாள். வெறுங்காலைப் படியில் வைத்தாள்.

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும், அன்று இதே ஷோரூமில் பேச்சோடு பேச்சாகச் சொன்னது ஞாபகம் வந்தது. வாரம் முழுக்க எண்ணியதில் இது வரவே இல்லை.

"செருப்பப் போட்டுக்கிட்டு ஏறு" என்றார்.

"சேறா இருக்குங்க" என்றாள். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. புது வண்டி அழுக்காகிவிடுமே என்றுதான் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சேல்ஸ்மேன் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து இரண்டு செருப்பையும் எடுத்து வண்டிக்குள் கிளட்சுக்குப் பக்கத்தில் வைத்தார். "செருப்போடதானே மிதிக்கப்போற? அப்பதான் அளவு சரியாத் தெரியும்."

அவள் ஏறி உட்கார்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்து மிதித்தாள். கிளட்ச் அடிவரைக்கும் போனது.

"எட்டுதுங்க" என்றாள்.

அவர் நிமிரவில்லை. புது வண்டியின் தரையில் ஒட்டியிருந்த சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.