வலது கால்

திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு சேரியில் இருந்த சவரிமுத்து, அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிப் பிழைத்தவர். 1957ஆம் வருஷம் குருத்தோலை ஞாயிறன்று கோயில் உபதேசியார் அவரைக் கூப்பிட்டு, "பெரிய வியாழன் பூசையில பன்னெண்டு பேருக்குச் சாமியாரு பாதம் கழுவப் போறாரு. ஏசு சாமி சீடருங்களுக்குச் செஞ்ச மாதிரி. நீயும் ஒரு ஆளு" என்றார். சவரிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை மனைவி இருதயமேரி வயலுக்குக் கூழ் கொண்டுவர நேரமாகிவிட்டது. "எங்கடி போன?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காலைத் தூக்கி இடுப்பில் உதைத்தார். அவள் வரப்பில் விழுந்தாள். கூழும் கொட்டிப்போனது. எழுந்து நொண்டியபடியே திரும்பிப் போனாள்.

மறுநாள் மதியம் அவளே செங்கல் துண்டோடு அவர் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். "சாமியாரு தொடப்போற காலு. இப்பிடியேவா போவ?" வெடிப்பில் ஏறியிருந்த சேற்றைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். அவளுடைய குதிகால் வீங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

"இன்னா அது?"

"முள்ளு. நேத்து கூழு எடுத்துக்கினு வரச்சொல்ல."

அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

பூசையில் சாமியார் முழந்தாளிட்டு அவருடைய வலது காலில் தண்ணீர் ஊற்றித் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். உதைத்த கால் அதுதான். பெண்கள் பக்கம் இருதயமேரி சுவரோரமாக ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. "எவ்ளோ பக்தி பாரு" என்று உபதேசியார் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பதில் உபதேசியார் தன்னைச் செருப்பால் அடித்திருக்கலாம் என்றிருந்தது சவரிமுத்துவுக்கு.

ஈஸ்டர் அன்று தவக்காலம் முடிந்து தெருவெல்லாம் கறிக்குழம்பு மணந்தது. சவரிமுத்து சோற்றில் கை வைக்காமல் எழுந்தார். வெந்நீர் வைத்து மனைவியின் காலைக் கழுவினார். "வுடுய்யா, யாராவது பாக்கப்போறாங்க" என்றாள் அவள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து பெரிய வியாழன்தோறும் அப்படிக் கழுவுவது வீட்டு வழக்கமாயிற்று. மகள் கேட்டால், "ஏசு சாமி செஞ்சது" என்று முடித்துவிடுவார்.

1967இல் மகள் லூர்துமேரியைக் கட்டிய விழுப்புரத்து மாப்பிள்ளை முதல் ஈஸ்டருக்காக வியாழனன்றே வந்துவிட்டார். "எங்க பக்கம் வூட்டுல கழுவற வழக்கம் இல்லீங்களே மாமா. இங்க எப்பிடி வந்துச்சி?"

பழைய பதிலைச் சொல்லத்தான் வாயெடுத்தார். புருஷன் பக்கத்தில் மகள் நிற்பது கண்ணில் பட்டது.

"இவள நான் ஒதைச்சேன் மாப்ள. கூழு நேரமாயிடிச்சின்னு. அதுலதான் வந்துச்சி."

"இப்ப எதுக்குய்யா அது?" என்றாள் இருதயமேரி.

லூர்துமேரி உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் தலை நிமிரவில்லை. ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போதுதான், "சட்டைய மாத்திக்க நைனா" என்று ஒரு வார்த்தை பேசினாள்.