வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு கல்லை விட்டெறிந்தால் அது அடுத்த மாநிலத்தில் போய் விழும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். மண்ணாடிப்பட்டுப் பக்கத்து ஆட்கள் மட்டும் சிரிக்காமல், "எந்த வாய்க்கால்?" என்று கேட்பார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். கரும்பு ஒரு மாநிலத்தில் நிற்கும், அதற்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் இன்னொரு மாநிலத்தில் ஓடும். வாய்க்காலுக்குக் கிழக்கே கரண்ட் போன வேளையில் மேற்கே டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கிழக்கே, புதுச்சேரியில், பெரியப்பா வீடு. தாத்தா காலத்து வீடு அது. மேற்கே, தமிழ்நாட்டில், எங்கள் வீடு. நடுவில் வாய்க்காலின் மேல் ஒரு சிமெண்டுப் பலகை. பாகம் பிரித்தபோது பழைய வீடு பெரியப்பாவுக்குப் போனது. அப்பா மேட்டு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டார். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஏறாத இடமா என்று பார்த்தாரே தவிர, எந்த மாநிலம் என்று பார்க்கவில்லை. சொந்த நிலத்தில் வீடு கட்டுகிறவன் அதையெல்லாமா பார்ப்பான்? ரேஷன் கார்டு, ஓட்டு, ஆதார் எல்லாம் பழைய வீட்டு விலாசத்திலேயே இருந்துவிட்டன. அக்காவும் நானும் படித்தது கிழக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். சமைத்துச் சாப்பிட்டதும் தூங்கியதும் மட்டும்தான் தமிழ்நாட்டில்.

அந்தப் பாகப் பிரிவினையில் மோட்டார் மட்டும் பொதுவாக நின்றது. யார் முறைக்கு யார் தண்ணீர் திருப்பினார்கள் என்று ஒரு நாள் வயலில் வாய்த்தகராறு வந்து, அன்றோடு அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை விட்டுவிட்டார்கள். ஆனால் மோட்டார் பொது. பேசாமல் எப்படி முறை வைப்பது? அதற்குத்தான் நான் இருந்தேன். "அவரு கிட்ட சொல்லு, இன்னிக்கி நம்ம முறன்னு" என்பார் அப்பா. பலகையைத் தாண்டி ஓடிச் சொல்வேன். "அவன் கிட்ட சொல்லு, தெரியும்னு" என்பார் பெரியப்பா. திரும்பி ஓடி வருவேன். இருவரும் எதிரெதிர் வரப்பில் நின்றாலும் இதே கதைதான். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் தெளிவாக விழும். ஆனால் நான் போய்ச் சொல்லும்வரை விழவில்லை என்று அர்த்தம். பெரியவர்களின் காதுகள் அப்படிப்பட்டவை என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவும் பெரியம்மாவும் இந்தச் சண்டையில் சேரவே இல்லை. அவர்களுக்குள் குழம்புக் கிண்ணம் போய்வந்துகொண்டுதான் இருந்தது. அதையும் சுமந்தவள் நான்தான்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த வருடம் எங்கள் அக்கா பன்னிரண்டு முடித்தாள். பெரியப்பா வீட்டு அக்காவும் அதே வகுப்பு. இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டில் போய்வந்தவர்கள். இருவருக்கும் ஒரே ஆசை. அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும். அங்கே புதுச்சேரிக்காரர்களுக்கென்று தனியாக இடங்கள் இருந்தன. வெளி மாநிலத்தார் என்றால் கையில் எண்ணிவிடலாம், அவ்வளவு கொஞ்சம். தனியார் கல்லூரிக்கு அனுப்ப இரண்டு வீட்டிலும் வசதியில்லை. சீட்டு கிடைக்காத பெண்ணுக்குக் கல்யாணம் என்பதும் இரண்டு வீட்டிலும் பேசி முடித்த விஷயம். அக்காவின் ஜாதகத்தை அம்மா ஏற்கெனவே சாமிப் படத்துக்குப் பின்னால் எடுத்து வைத்திருந்தாள்.

அப்போதுதான் அந்த இடங்களுக்குக் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும் என்ற சங்கதி வந்தது. புதுச்சேரியில் குடியிருக்கிறாயா என்று தாலுக்கா ஆபீஸிலிருந்து நேரில் வந்து பார்ப்பார்களாம். அப்பா அன்றைக்குத்தான் தன் வீட்டை முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார். மேற்கே கார்டு இல்லை, கிழக்கே வீடு இல்லை. அக்கா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அம்மா பெரியம்மாவிடம் பேசினாள். பெரியம்மா பெரியப்பாவிடம் பேசினாள். இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "அவன் கிட்ட சொல்லு. கூடத்துல கட்டில் போட எடம் இருக்குதுன்னு சொல்லு" என்றார். கட்டிலைப் பற்றி எதற்குச் சொல்கிறார் என்று புரியாமலேயே போய்ச் சொன்னேன். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் எங்கள் கட்டில், அக்காவின் புத்தகங்கள், அம்மாவின் தையல் மெஷின் எல்லாம் பலகையைத் தாண்டின. அப்பாவின் லுங்கி பெரியப்பா வீட்டுக் கொடியில் காய்ந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"யாரு கேட்டாலும் இதான் எங்க வூடுன்னு சொல்லணும்" என்றாள் அம்மா.

"அப்ப அது?"

"அதுவும் நம்ம வூடுதான்."

"அப்ப இது பொய்யா?"

"பொய்யும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாய மூடிக்கினு சாப்புடு."

பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று சொல்லி வளர்த்தவளும் இதே அம்மாதான். எங்கள் நாய்க்கு மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது பூட்டிய வீட்டு வாசலிலேயே படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பார்த்துக் குரைத்தது.

ஒரே கூரைக்குள் வந்த பிறகும் என் வேலை குறையவில்லை, கூடிவிட்டது. கூடத்தில் அப்பா ஒரு மூலை, பெரியப்பா ஒரு மூலை. "பாப்பா, மோட்டார் நிறுத்தியாச்சான்னு கேளு." "நிறுத்தியாச்சுன்னு சொல்லு." ஓட வேண்டிய அவசியம் இல்லை, கழுத்தைத் திருப்பினால் போதும். கழுத்து வலித்தது. அதைத் தவிர எனக்கு அந்த வாரம் திருவிழாதான். இரண்டு அக்காக்களும் ஒரே பாயில் படுத்துக் கிசுகிசுத்தார்கள். அவர்களுக்கு நடுவில் நான் படுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சமையலறையில் பெரியம்மா பெரியப்பாவிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பொட்டுக்கடலை தேடிக்கொண்டிருந்தேன்.

"அவ மார்க்கு நம்ம பொண்ண விட ரவ கூட. அவ லிஸ்ட்ல இல்லன்னா அந்த எடம் நம்ம பொண்ணுக்கு வரும். விசாரிக்க வரவரு உன்னத்தான் கேப்பாரு. யோசிச்சிக்கினியா?"

பெரியப்பா பானைப் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாடி திருடற?" என்று கேட்டுக் கை நிறையக் கடலை அள்ளிக் கொடுத்தார். கடலை கிடைத்த சந்தோஷத்தில் மற்றதெல்லாம் எனக்கு மறந்துபோனது.

தாலுக்கா ஆபீஸ் சார் ஸ்கூட்டரில் வந்தார். வரும் வழியிலேயே அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பார் போல, முகம் சரியில்லை. வாசலில் நின்றபடியே கார்டுகளைப் புரட்டினார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள், என் வாய்க்கு எட்டும் தூரத்தில் கை.

"கார்டெல்லாம் சரிதான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வூடு பூட்டிக் கெடக்குதே, அது யாருது? நாய் வேற காவலுக்கு இருக்குது" என்று பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

பெரியம்மா சமையலறை நிலையில் சாய்ந்து பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பெரியப்பா வீட்டு அக்காவும் நின்றாள். எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்ததால் நானும் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

பிறகு அப்பா பக்கம் திரும்பி, "டேய், சார எவ்ளோ நேரம் நிக்க வெப்ப? நாற்காலி எடுத்தாடா" என்றார்.

நான் வழக்கம்போலக் கழுத்தைத் திருப்பி, "அப்பா, நாற்காலி" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அப்பா உள்ளே ஓடிவிட்டார். என் வழியாகப் போக வேண்டிய சேதி நேராகப் போய்விட்டது. பெரியப்பா மறந்துபோய்ப் பேசிவிட்டார் என்று நினைத்து, அவருக்காக நான் வெட்கப்பட்டேன்.

அப்பா கொண்டுவந்து போட்ட நாற்காலியில் சார் உட்கார்ந்தார். "இவன் என் தம்பி சார். அது மேட்டு நெலத்துக்குக் கட்டிப் போட்டது. வெள்ளாமைய பாக்கப் போவ வர இருப்போம். இவன் வூடு இதான்" என்றார் பெரியப்பா. சார் அப்பாவையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். கார்டு சொல்லாததை அந்த 'டேய்' சொல்லியிருக்க வேண்டும். பெரியம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "அண்ணன் தம்பி இந்தக் காலத்துல இப்படி ஒண்ணா இருக்கறத பாக்கவே நல்லா இருக்குது" என்று சொல்லிப் போனார். ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்ததும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அவன் கிட்ட சொல்லு, நாற்காலிய உள்ள எடுத்து வெக்கச் சொல்லி."

சான்றிதழ் வந்தது. கட்டில் மறுபடி பலகையைத் தாண்டியது. நான் மட்டும் வர மாட்டேன் என்று அழுதேன். இதுதான் எங்கள் வீடு என்று அம்மாதானே சொன்னாள்? ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை, முதுகில் ஒன்று வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

சீட்டு ஒதுக்குவது சுற்றுச் சுற்றாக நடந்தது. கடைசிச் சுற்றுப் பட்டியல் ஒரு சாயங்காலம் போனில் வந்தது. புதுச்சேரிக்காரர்களுக்கான இடத்தில் கடைசிப் பெயர் அக்காவுடையது. அதற்குக் கீழே கோடு. கோட்டுக்குக் கீழே, காத்திருப்போரில் முதல் பெயர் பெரியப்பா வீட்டு அக்காவுடையது.

கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அம்மா கேசரி கிளறினாள், கிளறியதை மூடி வைத்துவிட்டாள். வழக்கம்போலக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "எங்கடி போற? வையி கீழ" என்று அதட்டினாள். கேசரிக்குக்கூட மாநிலம் வந்துவிட்டதா என்று குழம்பினேன். இருட்டுகிற நேரத்தில் பெரியப்பா வீட்டு அக்கா தானே பலகையைத் தாண்டி வந்தாள். "எனக்கு இல்லியா?" என்று கேட்டு, சட்டியிலிருந்தே எடுத்துத் தின்றாள். எங்கள் அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், அதுதான் இது என்று முடிவு செய்தேன். காத்திருப்போர் பட்டியல் அந்த வருடம் நகரவே இல்லை. தை மாதம் அந்த அக்காவுக்குக் கல்யாணம். ஜிகினாப் பாவாடை கட்டிக்கொண்டு பந்தல் முழுக்க ஓடியது நான்தான்.

ஆனால் என்னை இன்றுவரை விடாதது பட்டியல் வந்த மறுநாள் காலைதான். அப்பா பலகையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் பெரியப்பா வாசலில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"பாப்பா, எங்கண்ணன் கிட்ட போய் சொல்லு" என்றார் அப்பா.

"இன்னான்னு?"

அப்பா தண்ணீரைப் பார்த்தார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. "போ" என்றார்.

போய்ப் பெரியப்பா முன்னால் நின்றேன்.

"அப்பா சொல்லச் சொன்னாரு."

"இன்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. சொல்லுன்னு மட்டும் சொன்னாரு."

பெரியப்பா என்னைப் பார்த்தார். எனக்கு மேலே, பலகையைப் பார்த்தார்.

"கேட்டுக்கினேன்னு சொல்லு" என்றார்.

திரும்பி வந்தேன். "கேட்டுக்கினாராம்" என்றேன். அப்பா அப்படியே பலகையில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொருவர் கேட்டுக்கொண்டேன் என்கிறார். இதற்கு எதற்கு என்னை இரண்டு நடை நடக்கவைக்க வேண்டும்? எத்தனையோ சேதி சுமந்திருக்கிறேன். அன்று சுமந்தது என்ன என்று அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது, சுமந்த எனக்குத்தான் தெரியவில்லை.