சீசனுக்கு வந்த ஈரத்துண்டு

குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த என் மைத்துனர், வாசல் தோட்டத்தில் நின்று ஈரத்துண்டைப் பிழிகிறார். தண்ணீர் விழும் இடத்தில், நான் மூன்று வருடமாகப் பாடுபட்டு வளர்க்கும் ரெட் ஹாட் போக்கர் செடி நிற்கிறது. இந்த ஆனியில்தான் முதல் மொட்டு விட்டிருக்கிறது. துண்டிலிருந்து வந்த நல்லெண்ணெய் வாடையில், தென்காசியில் நாங்கள் இருந்த பழைய வீடு கண்முன் வந்துவிட்டது.

பட்டாளத்திலிருந்த அப்பா இதே செடியைக் குன்னூரிலிருந்து வேரோடு கொண்டுவந்தார். பூத்தால் உலையில் பழுத்த கம்பி மாதிரி இருக்குமாம். வேரில் தண்ணீர் தங்கினால் அழுகிவிடுமாம். மணலை மேடாகக் குவித்து நட்டார். சாரல் பிடித்தால் சாக்கு கட்டி மறைத்தார். நாங்கள் அந்தப் பக்கம் கை கழுவினாலே அடி விழும்.

ஆனால் அருவியில் தண்ணீர் விழுந்தால் சொந்தக்காரர்கள் வராமல் இருப்பார்களா? எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த அத்தனை பேரும் அந்த மேட்டில்தான் துணி பிழிந்தார்கள். அப்பா அவர்களிடம் வாயே திறக்கமாட்டார். உள்ளே வந்து அம்மாவிடம் பாய்வார்.

"ஏட்டி, ஒங்க ஆளுகளுக்குக் கண்ணு தெரியாதா?"

"ஒங்க அக்கா மவன்தான் பிழியுதான். போய்ச் சொல்லுங்க."

போகமாட்டார். செடி பூக்காமலே அழுகியது. ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம் என்று எனக்கு அவர்மேல் அப்படி ஒரு எரிச்சல்.

"அத்தான், இங்கன பிழியலாம்லா?" பிழிந்து முடித்துவிட்டுக் கேட்கிறார் மைத்துனர்.

"அதனால என்ன மாப்ள, நல்லாப் பிழிங்க" என்று சொல்லிவிட்டு, மனைவியிடம் பாய உள்ளே போகிறேன்.